வானத்துக்கு நூற்று நாலு டிகிரி

கொட்டகலைக்கு மேலே, தேயிலை ஆய்வுகூடத்தில் ராக்கெட் விட்ட அழகனைப் பற்றி இப்போது ஆளுக்கொரு கதை அளக்கிறார்கள். மணல் வாளியோடு பக்கத்தில் நின்றவன் நான். எனக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்துவிட்டதாக்கும்!

அழகன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மாரியம்மன் திருவிழாவுக்கு வாணம் கட்டுவதில் மட்டும் மகா கெட்டிக்காரன். 1964இல் ஆய்வுகூடத்துக் கணேசமூர்த்தி ஐயாவுக்கு ஓர் ஆசை வந்தது. பனி தேயிலையைக் கருக்கும் காலையில் உயரத்தில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். வாணத்தில் வெப்பமானியை வைத்து அனுப்பச் சொன்னார். காய்ச்சல் பார்க்கும் குழாய் மாதிரி, உதறினால்தான் அளவு இறங்கும் வகை அது.

முதல் ராக்கெட் படுத்தவாக்கிலேயே ஓடி மாட்டுத் தொழுவத்துக்குள் புகுந்தது. மாடு இரண்டு நாள் பால் தரவில்லை. இரண்டாவது நன்றாகத்தான் ஏறியது. இறங்கியபோது கண்ணாடி தூள் தூள்.

“அழகா, இன்னும் ஒண்ணுதான். வெப்பமானி ஒடையாம வந்தா ஒனக்கு இங்கயே நிரந்தர வேலை. இல்லாட்டி பழையபடி கவ்வாத்துக் கத்திதான்,” என்றார் ஐயா.

பாவம், அழகன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கொழுந்து எடுக்கும் மனைவி அம்மாக்கண்ணுவின் கம்பளியைக் கிழித்து வெப்பமானிக்குச் சுற்றினான். ஓட்டைக் குடையில் பாராசூட் தைத்தான். தேங்காய் உடைத்துத் திரியைப் பற்றவைத்தான். அடேயப்பா, என்ன ஏற்றம்! மேகத்துக்குள் போய், குடையோடு ஆடி ஆடிக் கொழுந்து மலைப்பக்கம் இறங்கியது.

ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் அம்மாக்கண்ணுவே அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தாள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ஐயா அளவைப் பார்த்தார்.

“மேகத்துக்குள்ள நூத்தி நாலு டிகிரியா!”

கொழும்புக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தவர், வெப்பமானியை மோந்து பார்த்தார். நுனியை நாக்கில் வைத்தார். இருபது வருடம் தேயிலை ருசி பார்த்த நாக்கு அது.

“இஞ்சி போட்ட தேத்தண்ணி,” என்றார்.

அழகன் அம்மாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தான். லீவு வேண்டுமென்றால் தோட்டத்து மருந்தகத்து டிஸ்பென்சர் காய்ச்சல் பார்க்கத் தரும் குழாயைச் சுடு தேத்தண்ணியில் முக்கிக் காட்டுவது எங்கள் லயத்து வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

“அடிப் பாவி, கெடுத்தியே!” என்று கத்தினான்.

“ஏன் கத்துறீங்க? ஒங்களுக்கு வேலை கெடைச்சிருச்சுன்னு ஹட்டனுக்குப் படம் பாக்கப் போலாம்னு, ஐயாகிட்ட காட்டி லீவு கேக்க இதையே முக்கினேன். ஒடையாம வந்தா வேலைன்னுதானே ஐயா சொன்னாங்க? ஒடைஞ்சா இருக்கு?”

ஐயா விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஒடையலதான். நாளையிலேருந்து வேலைக்கு வா, அழகா.”

அழகன் வெட்கமில்லாமல் அழுதுவிட்டான். நானும்தான்.

“அப்ப என் லீவுங்க?” என்றாள் அம்மாக்கண்ணு.

“காய்ச்சல் வானத்துக்குத்தானே? நீ போய்க் கொழுந்து எடு.”