சோபாவுக்குப் பின்னால் நிற்கும் மாமா

நெட்டா பெரியம்மா வீட்டுச் சுவரில் பத்தொன்பது புத்தாண்டுப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். பத்தொன்பதிலும் வால்ட்டர் மாமா சோபாவுக்குப் பின்னால்தான் நிற்பார். இடுப்புக்கு மேலே கோட்டும் டையுமாக வங்கி மேனேஜர் மாதிரி இருப்பார். இடுப்புக்குக் கீழே இருப்பதை மறைக்கத்தான் சோபா. அதே சுவரில் நடுநாயகமாக இருப்பது நான் பட்டம் வாங்கிய படம். எங்கள் வம்சத்திலேயே பல்கலைக்கழக வாசலை முதலில் மிதித்தவன் நான்தான். பட்டமளிப்பு மண்டபத்தில் சோபா கிடைக்காததால், பெரியம்மா மாமாவை என் கறுப்பு அங்கிக்குப் பின்னால் நிறுத்தினாள்.

கீழே இருப்பது கில்ட், எங்கள் பக்கத்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் உடை. பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட கம்பளி, முழங்கால் வரைக்கும். முன்பக்கம் தட்டையாக இருக்கும், கொசுவமெல்லாம் பின்பக்கம். எட்டு கஜம்.

கில்ட் எங்கள் ஊரில் யாருக்கும் ஆகாததல்ல. பால்மெடியில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மாப்பிள்ளையும் தோழர்களும் வாடகைக் கடையில் கில்ட் எடுத்துக் கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாமா செய்த குற்றம், சொந்தமாக ஒன்று வாங்கியது. அதைவிடப் பெரிய குற்றம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர் என்று குடும்பம் கூடும் எல்லா நாளிலும் அதைக் கட்டிக்கொண்டு வந்தது.

பெரியம்மா அந்த வார்த்தையை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்தப் பாவாடை" என்பாள், கோபம் வந்தால் "அந்தத் துணி" என்பாள். மாமா வீட்டுக்குள் நுழைந்தாலே எதிர்வீட்டு அம்மாள் போன் பண்ணி, யாருக்குக் கல்யாணம் என்று விசாரிப்பாளாம். கில்ட்டில் குத்தியிருக்கும் பெரிய ஊக்கு சோபாவைக் கிழித்துவிடும் என்று இன்னொரு புகார். என் அம்மாவுக்கும் தம்பி செய்வது பிடிக்காது, ஆனால் வாய் திறக்க மாட்டாள். எல்லாவற்றையும் அக்காவே பேசிவிடுவாள் அல்லவா.

மாமா முனிசிபல் வீடுகளுக்குக் கதவு, ஜன்னல் பழுது பார்க்கும் தச்சர். ஒருமுறை நான் என் சரித்திரப் படிப்பை அவரிடம் காட்டப் போய், இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்பதெல்லாம் இருநூறு வருஷத்துப் பழக்கம்தான் மாமா என்று விளக்கினேன்.

"நாலு வருஷம் படிச்சு என் துணி புதுசுன்னு கண்டுபிடிச்சியா?" என்றார். "இதைப் போய் உங்க பெரியம்மாகிட்ட சொல்லு. பழங்காலத்துப் பாவாடைன்னு திட்டிக்கிட்டிருக்கா."

பிறகு எதற்குத்தான் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"வருஷம் பூரா ஊரான் வீட்டு வாசல்ல முட்டி போட்டு வேலை பாக்கறேன். லீவு நாள்லயாவது முட்டிக்குக் காத்து படட்டும்டா."

போன டிசம்பரில் நிலைமை முற்றியது. பெரியம்மாவின் ஒரே மகள் எல்ஸ்பெத்துக்கு ஜூலியன் என்ற இங்கிலாந்துப் பையனோடு நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் முதன்முதலாகப் புத்தாண்டு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். ஜூலியனின் அப்பா ஜெஃப்ரி, ஓய்வு பெற்ற பல் டாக்டர். பெரியம்மா திரைச்சீலை மாற்றினாள், கசாப்புக் கடையில் ஒரு மாதம் முன்னாலேயே மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்துச் சுடுகிற பெரிய ஸ்டீக் பைக்குச் சொல்லிவைத்தாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, பேண்ட் போட்டுக்கொண்டு வருவதாக இருந்தால் வரலாம், இல்லையென்றால் அவர் பங்கைத் தட்டில் மூடி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

"பிஸ்கட் டப்பா மேல இருக்கற பொம்மை மாதிரி நீ வந்து நின்னா, என் பொண்ணைப் பத்தி என்னடா நினைப்பாங்க?"

மாமா தனிக்கட்டை. அந்தச் சாப்பாட்டு மேஜையை விட்டால் அவருக்குப் புத்தாண்டு கிடையாது. மூன்று நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார். அவரிடம் இருப்பதெல்லாம் முட்டியில் பஞ்சு வைத்த வேலைப் பேண்டுகள். துக்க வீட்டுக்கும் கில்ட்தான் கட்டுவார். என்னிடம் இருந்த ஒரே நல்ல பேண்ட்டை, இண்டர்வியூவுக்கு என்று வைத்திருந்ததை, எடுத்துக் கொடுத்தேன். கில்ட் என்றால் இடுப்பு வளர வளர வாரை ஒரு துளை தள்ளிக்கொள்ளலாம். என் பேண்ட் அப்படி விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை.

புத்தாண்டு அன்று பன்னிரண்டரைக்கு மாமா அந்தப் பேண்ட்டில் வந்தார். மூச்சை உள்ளே இழுத்தபடி வந்தார். பெரியம்மா அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்த மாதிரி நீ இருந்து எத்தனை வருஷமாச்சு என்று கன்னத்தைத் தட்டினாள். உட்காரச் சொன்னாள். மாமா வேண்டாம் என்றார். உட்கார்ந்தால் என் பேண்ட் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு மணிக்குக் கார் வந்தது. பெரியம்மா ஜன்னலருகே நின்று பார்த்தாள். முதலில் ஜூலியன் இறங்கினான், பிறகு அவன் அம்மா. கடைசியாக ஜெஃப்ரி, மிகவும் ஜாக்கிரதையாக, ஒவ்வொரு காலாக வெளியே வைத்தார்.

கில்ட் கட்டியிருந்தார். சிவப்புக் கட்டம், தபாலில் வரவழைத்த வாடகைக் கில்ட். அதையும் முன்பின்னாகக் கட்டியிருந்தார். கொசுவம் முழுக்க வயிற்றின் மேல் பொங்கி நின்றது. கில்ட்டுக்கு முன்னால் தொங்க வேண்டிய தோல் பை அதற்குள் எங்கோ புதைந்து கிடந்தது. பின்பக்கம் பலகை மாதிரித் தட்டை.

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா மட்டும் நெருப்பு அணைகிறது என்று சொல்லிக் கணப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெஃப்ரி எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து மாமாவிடம் நின்றார். "நீங்கதான் வால்ட்டரா? உங்களைப் பத்தி எல்ஸ்பெத் நிறைய சொல்லியிருக்கா" என்றார். அவர் கண் மாமா போட்டிருந்த என் பேண்ட்டின் மேல் விழுந்தது. பிறகு எங்கள் ஒவ்வொருவர் காலையும் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இந்த வீட்டு வழக்கம்னு நினைச்சேன். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல."

சோபாவில் உட்கார்ந்ததும் கொசுவம் அவர் நெஞ்சு வரை எழும்பியது. மடியில் தலையணை வைத்த மாதிரி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

பெரியம்மா மாமாவைச் சமையலறைக்கு இழுத்து வந்தாள். நான் அங்கே உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலேயே எல்ஸ்பெத் வந்தாள்.

"நீ என்னடி சொல்லித் தொலைச்சே அவங்ககிட்ட?"

"உள்ளதைத்தான்மா சொன்னேன். மாமா கில்ட் கட்டிட்டு வந்தாத்தான் எங்க வீட்ல புத்தாண்டுன்னு."

பெரியம்மா அவளைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தி தனி மரமாக, அதுவும் முன்பின்னாக, உட்கார்ந்திருந்தார்.

"டேய் வால்ட்டர். வீட்டுக்குப் போய் மாத்திட்டு வா."

"எதை மாத்திட்டு?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"தெரியலக்கா. எதைப் போட்டுட்டு வரணும்?"

"அந்த... அதைத்தான்டா."

மாமா கைகட்டி நின்றார். அடுப்பில் ஸ்டீக் பையின் ஓரம் கருக ஆரம்பித்த வாசனை வந்தது.

"உன் கில்ட்டைப் போட்டுட்டு வந்து தொலை" என்றாள் பெரியம்மா.

மாமா வீடு இரண்டு தெரு தள்ளி. ஏழே நிமிஷத்தில் திரும்பி வந்தார், பச்சையும் நீலமுமாக, முட்டி குளிரில் சிவந்து. ஜெஃப்ரியிடம் போய், மாடியில் நான் மாற்றிய ஜன்னல் ஒன்று இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார். இருவரும் மேலே போனார்கள். இறங்கி வந்தபோது ஜெஃப்ரியின் முன்பக்கம் தட்டையாக இருந்தது. ஜன்னல் பிரமாதம் என்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல் பெரியம்மா கேமராவை எடுத்தாள். பழக்க தோஷத்தில் மாமா சோபாவுக்குப் பின்னால் நடந்தார். ஜெஃப்ரி அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பெரியம்மா கேமராவை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள். அப்போதுதான் அவள் கண் என் மேல் பட்டது. நல்ல பேண்ட் இல்லாததால் நான் முட்டி கிழிந்த ஜீன்ஸில் வந்திருந்தேன்.

"பட்டதாரி," என்றாள். "நீ சோபாவுக்குப் பின்னாடி போய் நில்லு."