உப்புத் தண்ணீரில் ஊறிய போல்ட்

காரின் முன்சக்கரத்தை உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கைக்கு லோயர் ஆர்ம் என்று பெயர். அதைக் கழற்ற இரண்டு போல்ட் எடுக்க வேண்டும். முதல் போல்ட் பதினொரு சம்மட்டி அடியில் வந்துவிட்டது. இரண்டாவதன்மேல் நாற்பது அடி விழுந்தும் அது அசையவில்லை. ஒவ்வொரு அடியும் என் பல்லில் விழுந்தது.

அன்று பௌர்ணமி. மூன்று மணிக்குக் கிரிவலக் கூட்டத்துக்காகச் செங்கம் ரோட்டில் தடுப்பு வைத்துவிடுவார்கள். அதன்பின் விடியும்வரை எந்த வண்டியும் நகராது. மறுநாள் காலை என் மனைவிக்கு வேலூரில் இடுப்பு எலும்பு ஆபரேஷன். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. வாடகைக் கார்காரர்கள் ஏழு பேருக்குப் போன் செய்தேன். ஏழு பேருமே சவாரியில் இருந்தார்கள். சொந்தக் காரில் புறப்பட்டால் வழியிலேயே முன்சக்கரம் தடதடவென்று ஆடியது. அதே ரோட்டில் இருந்த பட்டறைக்குள் திருப்பினேன். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"சார், காரைக் கழுவுறீங்களா, ஊறுகாய் போடுறீங்களா? இவ்ளோ துரு!"

வெள்ளிக்கிழமைதோறும் போர் தண்ணீரை அடிப்பாகம் வரைக்கும் பீய்ச்சிக் கழுவ வைத்துப் பொட்டு வைப்பது என் மனைவியின் வழக்கம். எங்கள் தெருத் தண்ணீரில் பருப்பு வேகாது, அவ்வளவு உப்பு.

"அழுக்கு வண்டிக்கா பொட்டு வைப்பாங்க?" என்றாள் அவள்.

"பொட்டு நல்லாத்தாம்மா இருக்கு. போல்ட்டுதான் போயிடுச்சு."

ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி முழு எடையோடு தொங்கினான். ஸ்பேனர் வழுக்கியது. அவன் கைமுட்டி தகட்டில் மோதிக் கிழிந்தது. போல்ட்டின் தாயைத் திட்டிக்கொண்டே கேஸ் தீயைப் பற்றவைத்தான். ரப்பர் கருகிக் கரும்புகை எழுந்தது. செக்கச்செவேலென்றான இரும்பை மறுபடி அடித்தான். நுனி நசுங்கியதுதான் மிச்சம்.

"அறுத்துடலாம். இடுக்கு கம்மி. பிளேடு விலகி பாடித் தகட்டுல பட்டுச்சுன்னா வண்டிய எடைக்குத்தான் போடணும்."

"வேணாம்பா. இன்னும் பத்து அடி பாரு."

"நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள ரோட்டை மூடிடுவாங்க" என்றாள் மனைவி. "நீ அறுப்பா."

கிரைண்டர் அலறியது. பொறிகள் என் வேட்டியில் விழுந்து பொத்தலிட்டன. பிளேடு தகட்டை உரசுவதுபோல் தெரிந்ததும், "நிறுத்துடா!" என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். பிளேடு சிதறி ஒரு துண்டு தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு போனது.

"கைய எடுய்யா! கழுத்துல பாய்ஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று என்னைக் காலால் தள்ளினான். நான் டயர் குவியலில் போய் விழுந்தேன்.

புது பிளேடு மாட்டினான். போல்ட்டின் தலை அறுந்து விழுந்தது. சம்மட்டியால் ஆர்மை வெளியே அடித்துத் தள்ளி, புது ரப்பர், புது போல்ட் போட்டு முடுக்கினான். தகட்டில் ஒரு கீறல் மட்டும். ஸ்பேனர் முழுக்க அவன் ரத்தம்.

அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கிளம்பியபோது போலீஸ்காரர்கள் இருவர் தடுப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் போகிற இடம் இருந்ததா என்று தெரியாது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நுழைந்தேன். இடது கண்ணாடி தடுப்பில் மோதித் தெறித்தது. "யோவ், நிறுத்துய்யா!" என்று ஒருவர் லத்தியால் டிக்கியை ஓங்கி அடித்தார்.

குலுங்கலில் என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தேன்.