நாலு எழுத்துத் தள்ளி

ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'மார்க்கு'. எதைக் கொடுத்தாலும் சோதித்துப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று போடுவது அவள் வேலை. அந்த வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் மூட்டை தூக்கும் அவள் அப்பா, மகளுக்கு ஆர்டரே வந்துவிட்டது போல் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இந்த முறை அவள் மார்க்குப் போட்டது இரண்டு தேடும் வழிகளுக்கு. போனில் சொல்லும் தெருப் பெயரைப் பிசகாகத் தட்டினாலும் கணினி சரியான தெருவைக் காட்ட வேண்டும். பழைய வழி ஒலியைப் பார்க்கும். உயிரொலிகளை உதறிவிட்டு, ஒன்றுபோல் ஒலிப்பதையெல்லாம் ஒரே பையில் போடும். அதற்கு மலை, மாலை, மழை மூன்றும் ஒன்றுதான்; காற்றும் காத்தும் ஒன்றுதான். ஒரு தெருவைக் கேட்டால் கூடையோடு கொண்டுவந்து கொட்டும். புதிய வழி, எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணும். இரண்டைத் தாண்டினால் கைவிரித்துவிடும்.

சரியான பெயர்களை எடுத்து, அவளே ஒவ்வொன்றிலும் ஓரெழுத்தைக் கெடுத்து, இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்தாள். புதியது மார்க்கை அள்ளிக்கொண்டு போனது. மேலாளரிடம் அதையே சொன்னாள். இன்று சாயங்காலம் பழையதை நிறுத்திவிடுவதாக ஏற்பாடு.

காலையிலிருந்தே அந்த மார்க்கில் ஏதோ இடறியது. எது தப்பு என்று தெரிந்தாலாவது பரவாயில்லை.

மத்தியானம், அழைப்பு எடுக்கும் அக்கா ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினாள். "மார்க்கு, சாப்பிட்டுட்டு ஓடியாந்துடறேன். வர்ற போனுக்கெல்லாம் மார்க்குப் போட்டுட்டு இருக்காத, வண்டிய அனுப்பு."

அக்கா கதவைத் தாண்டுவதற்குள் மணி அடித்தது.

"அம்மா பேச்சுமூச்சில்லாம கெடக்குதுங்க! சீக்கிரம் வாங்க!"

"எந்தத் தெருங்க?"

"கெணத்தங்கரத் தெரு! கெணத்தங்கர!"

காதில் விழுந்தபடியே தட்டினாள். சோதனைக்காக இரண்டு வழிகளுமே அந்தத் திரையில் இருந்தன. புதியது வெறுமையாக நின்றது. திரும்பத் தட்டினாள். வெறுமை. பழையதை அழுத்தினாள். ஏழெட்டுத் தெருக்களைக் கொட்டியது. நடுவில் கிணற்றங்கரைத் தெரு.

"பக்கத்துல என்ன இருக்குங்க?"

"தண்ணி டேங்குங்க!"

வரைபடத்திலும் தண்ணீர்த் தொட்டி இருந்தது. வண்டி கிளம்பியது.

அவள் விரல்விட்டு எண்ணினாள். நான்கு எழுத்து மாறியிருந்தது. ஆனால் அந்த ஆள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டிலும் அது கெணத்தங்கரதான். பதறும்போது யாரும் அச்சில் இருப்பதுபோல் பேசுவதில்லை. அவளோ புத்தகத் தமிழை முன்னால் வைத்துக்கொண்டு, கை தவறித் தட்டுகிற பிழைகளாகவே செய்து வைத்திருந்தாள். காது கேட்டு எழுதியது அதில் ஒன்றுகூட இல்லை. வீட்டுப் பேச்சு அவள் காதைவிட்டு எப்போது போனது? கல்லூரியிலா? அதற்கும் முன்பேயா?

அக்கா திரும்பியதும் மேலாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், சாயங்காலம் மாத்த வேண்டாம். நான் போட்ட மார்க்கு தப்பு."

"நேத்து நீதானம்மா நல்லாருக்குன்னு சொன்ன? மேலிடத்துக்கெல்லாம் சொல்லியாச்சு."

"பிழையெல்லாம் நானே செஞ்சது சார். ஜனங்க பேசறத வெச்சு நான் பார்க்கவே இல்ல. இப்ப வந்த போனுக்குப் புதுசு ஒண்ணுமே காட்டல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என்னதான் பண்ணலாங்கற?"

"பதிவான போனையெல்லாம் கேட்டு, காதுல விழுந்தபடி தட்டி, ரெண்டையும் திரும்பச் சோதிக்கறேன். அதுவரைக்கும் பழசு ஓடட்டும்."

"சரி, ஓடட்டும். உன் ஆர்டருக்கு இப்ப நான் கையெழுத்துப் போட முடியாது. புரியுதா?"

"புரியுது சார்."

வெளியே வந்தாள். "மார்க்கு, அந்தம்மாவ ஆஸ்பத்திரியில சேத்தாச்சாம். உசுரு இருக்கு" என்றாள் அக்கா. "உன் மூஞ்சிதான் செத்துக் கெடக்கு."

அப்பா போன் செய்தார். "என்ன கண்ணு, ஆர்டர் கையில குடுத்துட்டாங்களா?"

"இல்லப்பா. தள்ளிப் போயிருச்சு."

"ஏன், நீ எதாச்சும் தப்புப் பண்ணிட்டியா?"

"ஆமாப்பா. இப்ப சரி பண்ணிட்டு இருக்கேன்."

"பண்ணு, பண்ணு. தெருவுல கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஹெட்போனை மாட்டி முதல் பதிவைத் திறந்தாள். யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே தெருப் பெயரைச் சொன்னாள். இவள் காதில் விழுந்தபடியே தட்டினாள்.