யூனிஃபார்ம் மறைத்த ஈரம்

இன்று ஞாயிறு, காலை ஏழு மணி. ஒரகடத்தில் எங்கள் வாடகை அறையில் மூன்று பேர், மூன்று ஷிஃப்ட்.

அதனால் சுவிட்ச் போர்டுக்கு மேலே உள்ள ஆணியில் எப்போதும் யாருடைய யூனிஃபார்மாவது தொங்கும். இன்று எல்லாருக்கும் லீவு. அத்தனையையும் ஒன்றாகத் துவைக்கப் போட்டோம். சுவர் முதல்முறையாகக் கண்ணில் பட்டது.

குளியலறைக் குழாய் போகும் இடத்திலிருந்து ஈரம் இறங்கி, போர்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் குளித்துவிட்டு வந்த அறைத்தோழன் சதீஷ், ஈரக்கையோடு ஃபேன் சுவிட்சுக்குப் போனான்.

"டேய், கை வைக்காத!"

"இன்னாடா, பேயப் பாத்த மாதிரி கத்துற?"

"செவுத்தப் பாருடா."

பார்த்தான். நீட்டிய கை அப்படியே நின்றது.

"மச்சான், நேத்து தொட்டப்போ சுருக்குனு இருந்துச்சு. தூக்கக் கலக்கம்னு வுட்டுட்டேன்டா."

ரேடியேட்டரில் கசிவு கண்டுபிடிப்பதுதான் கம்பெனியில் என் வேலை; சொந்த அறைச் சுவரில் கோட்டை விட்டிருக்கிறேன்.

மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். "ஈரந்தான தம்பி, பெயிண்ட் அடிச்சா போய்டும்" என்றார்.

"அப்போ நீங்களே வந்து அந்த செவுத்துல கை வைங்க சார்."

எலக்ட்ரீஷியனோடு வருகிறாராம்.

இனி:

1. எலக்ட்ரீஷியன் சரி என்று சொல்லும்வரை மெயின் ஆஃப்.

2. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, எங்கள் டேங்கில் குச்சி விட்டுத் தண்ணீரை அளப்பேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளப்பேன். குறைந்திருந்தால், சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது. குச்சி இலவசம்.

3. ஆணியை எதிர்ச்சுவருக்கு மாற்றுவேன்.

4. இதைப் படிக்கும் உங்களிடமும், உங்கள் யூனிஃபார்முக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கையைத் துடைத்துக்கொண்டு.