பெருநாளில் மட்டும் நோன்பு பிடிக்க முடியாது!

இன்றைக்கு ஒரு கல்யாண வீட்டில் எனக்கு மட்டும் தனிப் பீங்கான் தட்டில் சோறு வந்தது!

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பேத்தி முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள். (இதை டைப் பண்ணுவதும் அவள்தான். எழுத்துப்பிழைக்கு நான் பொறுப்பில்லை!)

விஷயம் தெரியாதவர்களுக்கு: எனக்கு ஓட்டிசம் (autism) என்று டொக்டர் சொன்னதே தொண்ணூறை நெருங்கும்போதுதான். கூட்டத்தின் இரைச்சல் தாங்காது. ஆட்களின் கண்ணைப் பார்த்துக் கதைக்க வராது. சோற்றில் இன்னொருவர் கை பட்டால் தொண்டைக்குள் இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இதற்கெல்லாம் பெயர் கிடையாது. ஒன்று கிறுக்கன், இல்லையென்றால் பெருமைக்காரன்!

அப்போதுதான் மருதமுனையில் தறி நெய்துகொண்டிருந்த நான் சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்கவேண்டும்.

அங்கே விருந்தென்றால் சகன். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, கறியை ஊற்றிப் பிசைந்து, ஒன்றாகச் சாப்பிடுவது. அன்பான வழக்கம்தான். எனக்கோ நினைத்தாலே வியர்க்கும்!

தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். விருந்துக்கு அழைப்பு வந்தால், அன்றைக்கு நோன்பு! (பொய்யில்லை, உண்மையாகவே பிடித்தேன். பசியைத் தாங்கலாம்.)

விளைவு? ஊரெல்லாம் "சூபி மருமகன்" என்று பேர் பரவிவிட்டது. காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு ஓதித் தரச்சொல்லி மாமி தண்ணீர்ப் போத்தலை நீட்ட ஆரம்பித்தார்!

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது பெருநாள் வந்தது.

என் மனைவி சல்மாவுக்கு மட்டும் என் கள்ளம் தெரியும்.

"இஞ்ச பாருங்க, நாளைக்கி என்ன செய்யப் போறீங்க? பெருநாளைக்கி நோன்பு பிடிக்கிறது ஹறாம்!"

"தெரியும்."

"மருமகனுக்கு முதல் பெருநாள். சகன்ல நீங்க கை வைக்காட்டி வாப்பாட மானம் போயிரும். 'நம்மட சோறு இவருக்கு எளக்காரமா' எண்டு கேப்பாரு. பொறகு நம்மட பாடு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குரல் நடுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சல்மா என்றால் எனக்கு உயிர்.

மறுநாள் தொழுகை முடிந்து வந்து, பாயில் ஆறு பேராக உட்கார்ந்தோம். மாமா, அதாவது சல்மாவின் வாப்பா, வழக்கம்போல் கறிச்சட்டியோடு சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். என் கை எழும்பவில்லை.

"சூபி வெக்கப்படுறாரு!" என்று பக்கத்தில் இருந்தவர் ஒரு இறைச்சித் துண்டைத் தன் கையாலேயே பிய்த்து என் முன்னால் வைத்தார். (அன்பு!)

எழும்பிவிட்டேன்.

"மாமா, எனக்கி ஏலா."

"என்ன ஏலா?"

"நாலு பேர்ட கை பட்ட சோறு எனக்கி எறங்காது மாமா. உங்கட சோத்துல ஒரு குறையும் இல்ல. சின்னதுல இருந்தே நான் இப்பிடித்தான். அதுக்குத்தான் நோன்பு பிடிச்சன்."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சல்மாவின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

மாமா சட்டியைக் கீழே வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். மருதமுனைக்கே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன்.

இழுத்துக்கொண்டு போனது அடுப்படிக்கு. பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இரண்டு பீங்கானை எடுத்தார்.

"இருங்க மருமகன். நான் சகன்ல இருந்து திண்டு நீங்க எப்பயாவது கண்டிரிக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை!

"கறிச்சட்டியோட நிக்கிறவன்ட கையை ஆரும் பாக்க மாட்டாங்க. 'நல்ல உபசரிப்பு' எண்டு சொல்லிட்டுப் போயிருவாங்க. உங்களுக்கு இந்த மூளை இல்லாமப் போச்சே! பட்டினி கிடந்திரிக்கீங்க!"

வெளியே யாரோ சொன்னது கேட்டது: "பாருங்க, மருமகனுக்குத் தனியா விருந்து வைக்கிறாரு! என்ன பாசம்!"

மாமா ஒரு மூலையைப் பார்த்துச் சாப்பிட்டார், நான் மற்ற மூலையைப் பார்த்து. ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் சாப்பிட்டதே இல்லை.

"அவருக்கும் ஓட்டிசமா இருந்திரிக்குமோ, மூத்தாப்பா?" என்று பேத்தி கேட்கிறாள். தெரியாது மகள். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை.

உங்கள் வீட்டு விருந்திலும் உட்காராமல் பரிமாறிக்கொண்டே நிற்கும் ஒருவர் இருக்கிறாரா?

அவரைப் புகழ்ந்தது போதும். ஒரு பீங்கானைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்!