கர்ட்டன்காரம்மாவின் புதுப் போன்

அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் அவரைக் கர்ட்டன்காரம்மா என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் மாடியில் வீடு. முன்னறையில் பாதியைத் தையல் மெஷினும் துணிச் சுருள்களும் பிடித்துக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் அவரும் கணவரும் புழங்க வேண்டும். புதிதாகக் குடிவருகிறவர்கள் பெட்டி படுக்கையை இறக்கிவைத்த கையோடு அவரைக் கூப்பிட்டனுப்புவார்கள். இன்ச் டேப்பைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு போவார். ஜன்னலை அளந்து, போனில் படம் எடுத்துக்கொண்டு, துணிகளைக் காட்டுவார். கீழ் ஓரத்துக்குத் தாராளமாகத் துணி விட்டு, இரட்டையாக மடித்துத்தான் தைப்பார். "துவைச்சா சுருங்கும். அப்புறம் ஜன்னலுக்குக் குட்டைப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி நிக்கும்" என்பார்.

சிக்கனக்காரர்தான். ஆனால் போன் என்றால் மட்டும் அவருக்குக் காது நீண்டுவிடும். நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, பக்கத்துத் தெரு மொபைல் கடையில் வேலை பார்த்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மேலே ஏறி வந்து துணிச் சுருள் மேல் உட்கார்ந்துகொள்வாள். வரப்போகிற மாடல்களைப் பற்றி இருவரும் மாய்ந்து மாய்ந்து பேசுவார்கள்.

"அண்ணி, அடுத்த மாசம் ரெண்டு வருது. ஒண்ணு கேமராவுக்குப் பேர் போனது. இன்னொண்ணு ஒருதரம் சார்ஜ் போட்டா ரெண்டு நாளைக்குக் கவலையே இல்லையாம்."

"கனம் எப்படி? ஸ்டூல் மேல நின்னு ஒத்தக் கையாலதான் நான் படம் எடுக்கணும்."

"இதை உலகத்துல நீங்க ஒருத்தர்தான் கேப்பீங்க."

பள்ளி பஸ் ஓட்டும் கணவர் பட்டன் போனோடு காலம் தள்ளுகிறவர். "நீங்க போன் பாக்கறீங்களா, மாப்பிள்ளை பாக்கறீங்களா? கூப்பிட்டா மணி அடிக்குது, எடுத்தா குரல் கேக்குது. அதுக்கு மேல ஒரு போன் என்னத்தச் செய்யணும்?" என்று தட்டைக் கழுவிக்கொண்டே கேட்பார்.

பழைய போன் நிஜமாகவே திணறிக்கொண்டிருந்தது. இடம் நிரம்பிவிட்டது. ஒரு வீட்டு ஜன்னலைப் படம் எடுக்க வேண்டுமென்றால் இன்னொரு வீட்டு ஜன்னலை அழிக்க வேண்டும். அதனால் கேமராவுக்குப் பேர் போன அந்த மாடலை வாங்கிவிடுவது என்று கர்ட்டன்காரம்மா மனதுக்குள் முக்கால்வாசி முடிவு செய்திருந்தார். அதே கம்பெனியின் முந்தைய மாடல்தான் நாத்தனார் கையில் இருந்தது. அதில் எடுத்த படங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

அந்த நேரத்தில் எதிர் பிளாக்கின் பாட்டு டீச்சர் வெளியூரிலிருந்து பேசினார். "நான் வர்றதுக்குள்ள படுக்கையறைக்கு மட்டும் தச்சு வச்சிருங்கம்மா. துணியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்." பழைய போன் அன்று ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டது. நாத்தனாரின் போனை வாங்கித் துணிகளைப் படம் பிடித்து அனுப்பினார். டீச்சர் ஒரு பச்சையைத் தேர்ந்தெடுத்தார்.

டீச்சர் ஊரிலிருந்து திரும்பியதும் கர்ட்டன்காரம்மா கர்ட்டனைக் கொண்டுபோய் மாட்டினார். டீச்சர் ஜன்னலருகே போய்ப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏம்மா, துணி மாறிப்போச்சா?"

"இல்லையே, நீங்க சொன்னதுதான்."

டீச்சர் தன் போனை எடுத்துக் காட்டினார். படத்தில் இருந்தது மழை பெய்து ஓய்ந்தபின் தெரியும் தளிர்ப் பச்சை. ஜன்னலில் தொங்கியதோ கொஞ்சம் வாடிய இலை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கர்ட்டன்காரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"பரவாயில்ல, இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும்னா எப்படி? தினமும் கண்ணு முழிச்சதும் நீங்க இதைத்தானே பாக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறிக் கம்பியிலிருந்து கழற்றத் தொடங்கிவிட்டார். மறுநாள் துணிகளையே மூட்டையாகக் கட்டி எடுத்துப்போய், டீச்சர் கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னதைத் தைத்துக் கொடுத்தார். வாடிய பச்சை கர்ட்டன்காரம்மா வீட்டு ஜன்னலுக்கே வந்து சேர்ந்தது. பார்க்க அப்படியொன்றும் மோசமில்லை.

நடந்ததைக் கேட்டதும் நாத்தனாருக்குச் சுருக்கென்றது. "என் போன் மேலயா பழி போடறீங்க?" என்றாள். பிறகு அவளே யோசித்துவிட்டுச் சொன்னாள்: "படம் எடுத்ததும் அது தானாவே கொஞ்சம் மெருகேத்தும் அண்ணி. அதுக்காகத்தான் எல்லாரும் அதை வாங்கறாங்க."

"மூஞ்சிக்கு மெருகேத்தட்டும், வேண்டாங்கல. துணிக்கு எதுக்கு மேக்கப்?"

அன்றிலிருந்து பேச்சின் திசையே மாறியது. வீடியோக்களில் யார் எதைப் புகழ்ந்தாலும் இருவரும் சத்தத்தை அணைத்துவிட்டு, சிவப்பு, சிவப்பாகவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அதிலும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. போன் கையில் வந்தால்தான் தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு மாடலும் கடைக்கு வந்த அன்று கர்ட்டன்காரம்மா ஒரு பை நிறையத் துண்டுத் துணிகளோடு போய் நின்றார். வெயில் விழும் கண்ணாடிக் கதவோரம், தரையில் துணிகளைப் பரப்பினார். கடைக்கு வந்தவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். நாத்தனார் இரண்டு போனையும் மாற்றி மாற்றிக் கொடுக்க, இவர் மண்டியிட்டுப் படம் எடுத்தார். கேமராவுக்குப் பேர் போனதில் செங்கல் நிறத் துணி பழுத்த மிளகாயாக ஜொலித்தது. எந்தச் செட்டிங்கைத் தட்டினாலும் அந்த ஜொலிப்பு முழுதாகப் போகவில்லை. மற்றதில் செங்கல் செங்கலாகவே இருந்தது.

கடையின் மூத்த விற்பனையாளர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இதுல கலர் கொஞ்சம் டல்லாத்தான் வரும். எல்லாரும் அந்த இன்னொண்ணைத்தான் கேக்கறாங்க."

"டல்லா இருக்கறதை டல்லாத்தானே காட்டணும்?"

நாத்தனார் சிரித்துவிட்டாள். "எங்க அண்ணி தனி ரகம் அண்ணே. விடுங்க."

ஆனாலும் அவர் உடனே பில் போடச் சொல்லவில்லை. மெருகேற்றும் போன் பூப்போல லேசாக இருந்தது. முதுகுப்புறம் சிப்பியின் உட்பக்கம் மாதிரி மின்னியது. எத்தனை மதியங்கள் அதைப் பற்றிப் பேசியிருப்பார்! ஒருமுறை கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு கடை ஸ்டூலில் ஏறி, ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கனம்தான். மணிக்கட்டு முணுமுணுத்தது.

"பழகிடும். இதையே குடுங்க" என்று இறங்கினார்.

மாலையில் கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் படம் அவரைத்தான் எடுத்தார். கணவர் வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"அது போன வருஷமே நரைச்சாச்சுங்க."

"தங்கச்சி போன்ல பையன் மாதிரி இருந்தேனே!"

"அதை நம்பித்தான் நானும் பச்சைத் துணி தச்சேன்."

கணவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் மறுநாள் காலை பஸ் எடுக்கக் கிளம்பும்போது கண்ணாடி முன் வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே, "லேசா சாயம் பூசிக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா பூசுங்க. கடையில டப்பாவை மட்டும் என்கிட்ட காட்டிட்டு வாங்குங்க, கலர் நான் சொல்றேன்."

"உன் தயவே வேண்டாம் தாயே" என்று கும்பிட்டுவிட்டு அவர் படியிறங்கினார். கர்ட்டன்காரம்மா புதுப் போனை மெஷின் மேல் சாய்த்து வைத்து, அதில் தெரிந்த ஒரு சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி துணியை வெட்ட ஆரம்பித்தார்.