சாய்வுத் தையல்

மதுரை தெற்கு வெளி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜலாலுக்குக் கடை. கார் சீட்டுகளுக்கு உறை தைத்துப் போடுகிற கடை. இரண்டு தையல் மெஷின், தோல் சுருள்கள், மரக்கட்டையில் ஏற்றி வைத்த பழைய சீட் ஒன்று. அவ்வளவுதான் கடை. ஆனால் ராமநாதபுரம், விருதுநகரிலிருந்தெல்லாம் வண்டிகள் அவனைத் தேடி வரும். காரணம், அவன் உடனே தைக்க உட்காரமாட்டான். வண்டிக்காரரைச் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் அவரையே பார்ப்பான். முட்டி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறார், முதுகில் எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் டேப்பை எடுப்பான். பார்க்கும்போதே பேசிக்கொண்டும் இருப்பான். எந்தத் தோல், ஏன் அந்தத் தோல், எந்தக் கலர் எத்தனை வருஷத்தில் வெளுக்கும் என்று கேட்டதற்கும் கேட்காததற்கும் விளக்கம் சொல்வான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காளை என்கிற டூரிஸ்ட் வண்டி டிரைவர், ராமேஸ்வரம் போய்த் திரும்பினால் தொடையில் தையல் அழுத்திக் கோடு விழுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஜலால் ஒரு வாரம் அதையே யோசித்தான். ஓரத்தில் நேராக ஓடும் தையலைக் கொஞ்சம் கீழே இறக்கி, இரண்டு நூலையும் ஒரே சாய்வில் பக்கம் பக்கமாக ஓட்டினான். தொடையை அழுத்தவில்லை. பார்க்கவும் தனி அழகாக இருந்தது. டிரைவர்கள் அதற்கு 'சாய்வுத் தையல்' என்று பேர் வைத்தார்கள்.

விஜய்ஆனந்த் அவனுடைய கூட்டாளி. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். படிக்கும்போது திருமங்கலம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு நகர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பதினோரு நாளும் கூட இருந்தவன் ஜலால்தான். விஜய்ஆனந்தின் அப்பா துளசிராம் சுங்குடிச் சேலை வியாபாரி. "எனக்கு ரெண்டு பசங்க, ஒருத்தன் மட்டும் எங்க சௌராஷ்ட்ரா பாஷை பேசமாட்டான்" என்று ஜலாலைக் காட்டிச் சொல்வார். விஜய்ஆனந்த் சேலைக்குப் போகாமல் கப்பலூரில் அட்டைப்பெட்டி ஃபேக்டரி போட்டான். அது நன்றாக ஓடியது. நாற்பத்து மூன்றாவது வயதில், மாணவப் பருவத்திலிருந்து ஆசைப்பட்ட காரைப் புக் பண்ணினான். இரண்டே பேர் உட்காருகிற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். மூன்றரை செகண்டில் நூறைத் தொடும். புக் பண்ணினால் உடனே வராது. என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பிறகுதான் அங்கே வண்டியைக் கட்டவே ஆரம்பிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மாப்ள, கலர் மட்டும் நாப்பத்திச் சொச்சம் இருக்கு. சீட்டு நாலு வகை, பிரேக்கு ரெண்டு வகை, சக்கரம் எட்டு வகை. தலை சுத்துது. நீ சொல்லு, நான் டிக் அடிக்கிறேன்."

"மொதல்ல ஒண்ணு சொல்லு. இத எங்க ஓட்டப் போற?"

"வேற எங்க? இங்கதான்."

"அப்ப முன்பக்கம் தூக்குற வசதி கட்டாயம் வேணும். இல்லேன்னா நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொண்ணுலயும் அடி தட்டும்."

முதல் டிக் அதற்குத்தான் விழுந்தது. அதன்பிறகு அஞ்சு ஞாயிறு உட்கார்ந்தார்கள். சந்தில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார்கள். ரேஸ் வண்டிக்குப் போடுகிற தொட்டி மாதிரி சீட்டைப் பார்த்ததும் விஜய்ஆனந்துக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

"பார்க்கத்தான் அழகு. உன் இடுப்புக்கு ஆகாது," என்றான் ஜலால். "அரைமணி நேரத்துல எறங்குறதுக்கு ஆளக் கூப்பிடுவ. இந்தா, இந்த சீட்டப் போடு. இடுப்புகிட்ட காத்து ஏத்திக்கலாம், கூட்டிக்கலாம் குறைச்சுக்கலாம்."

ஸ்டியரிங்குக்கு வெல்வெட்டு மாதிரி ஒரு துணியை டேப்லட் காட்டியது. "கை வேர்க்குற ஊருய்யா இது. ஆறே மாசத்துல பஞ்சு பஞ்சாக் கெளம்பிரும். தோலே இருக்கட்டும்," என்றான் ஜலால். கறுப்பு உள்வேலை வேண்டும் என்றதற்கு, "மே மாசம் உச்சி வெயில்ல திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு மணி நேரம் நிப்பாட்டிட்டு வந்து உக்காரு பாப்போம்" என்று சிரித்தான். கடைசியில் வெளியே கரும்பச்சை, உள்ளே தேங்காய் மட்டையின் பழுப்பு என்று முடிவாயிற்று. சீட்டில் காற்றோட்டத்துக்குச் சின்னச் சின்னத் துளை.

இரண்டாவது ஞாயிற்றிலிருந்து விஜய்ஆனந்த் போனை மேஜைமேல் வைத்து ரெக்கார்டு போட்டான். "நீ சொல்றது வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துபோயிருது மாப்ள." ஜலாலுக்கு அது பெருமையாக இருந்தது. போனுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

அஞ்சாவது ஞாயிறு போகும்போது விஜய்ஆனந்த் திரும்பி நின்றான். "தனி ஆர்டரும் எடுப்பாங்களாம்டா. நாம ஒரு பீஸ் தச்சு அனுப்புனா அதே மாதிரி அங்க தச்சுத் தருவாங்க. உன் சாய்வுத் தையல் என் வண்டில வரணும். வண்டி வந்த அன்னிக்கு மொத ஆளா நீதான் பக்கத்துல உக்காருற. நேரா பேரையூர் ரோட்டுல அடிக்கிறோம்."

நாலு நாள் வேறு வேலை எதையும் தொடாமல் ஜலால் அந்தத் துண்டைத் தைத்தான். பழுப்புக் காகிதத்தில் அளவு வெட்டி, ஊசி இடைவெளி, சாய்வு எல்லாம் தன் கையெழுத்தில் குறித்தான். அவன் மனைவி ஷரீபா, தன் வெள்ளைத் துப்பட்டி ஒன்றைப் பாதியாகக் கிழித்து அதில் சுற்றிக் கொடுத்தாள். ஓரத்தில் நீலப்பூ போட்ட துப்பட்டி.

"அம்புட்டு தூரம் போகுதா இது?" என்று கேட்டாள்.

"போகுது."

வண்டி வரப் பதினோரு மாதம் ஆயிற்று. ஜலால் அந்த நாளுக்கென்று ஒரு சட்டை எடுத்து வைத்திருந்தான். விஜய்ஆனந்திடமிருந்து போன் வரவில்லை. சீட்டுக்கு ஃபோம் போடுகிற முகமது ஆசிப்தான் பேச்சுவாக்கில் சொன்னான்: "என்ன பாய், உங்க கூட்டாளி வண்டி வந்து ஒரு வாரமாச்சே. ரிங் ரோட்டுல பார்த்தேன். சும்மா பறக்குது."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து ஜலால் கப்பலூருக்குப் பஸ் ஏறினான். ஃபேக்டரி கொட்டகைக்குள் வண்டி நின்றது. திரையில் பார்த்த கரும்பச்சையைவிட நேரில் ஆழமாக இருந்தது. கதவைத் திறந்து பார்த்தான். தேங்காய் மட்டைப் பழுப்பு, தோல் ஸ்டியரிங், துளை போட்ட சீட், எல்லாம் அவன் சொன்னபடி. குனிந்து சீட்டின் ஓரத்தில் கை வைத்தான். தையல் நேராக ஓடியது. எல்லா வண்டியிலும் ஓடுகிற சாதாரணத் தையல்.

"நம்ம தையல் எங்க மாப்ள?"

"அவங்க ஒத்துக்கல. ஏர்பேக்கு, சேஃப்டின்னு ஏதோ ரூல்ஸ் சொல்றாங்க."

"சரி விடு. பீஸத் திருப்பி அனுப்பினாங்களா?"

"அங்கயே கெடக்கும்." விஜய்ஆனந்தின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் ரவுண்டு போவோம், என்ன?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான்.

ஜலால் நம்பினான். பெரிய கம்பெனி, ரூல்ஸ் இருக்கத்தான் செய்யும். பஸ்ஸில் திரும்பும்போது கூட்டாளிக்காகச் சமாதானங்களை அவனே தேடித்தேடிக் கண்டுபிடித்தான்.

நாலு மாதம் கழித்துக் கப்பலூரிலேயே விஜய்ஆனந்த் கார் இன்டீரியர் ஸ்டுடியோ ஒன்று திறந்தான். கண்ணாடிக் கட்டடம், ஏசி, சென்னையிலிருந்து வந்த பத்துத் தையல்காரர்கள். ஜலாலுக்கு அழைப்பு இல்லை. ரெஜிஸ்டர் தபால்தான் வந்தது. ஷரீபா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஆயிஷா சித்திகா வாசித்துச் சொன்னாள். வக்கீல் நோட்டீஸ். கார் இருக்கையில் இரட்டைச் சாய்வுத் தையல் என்கிற வடிவம் எங்கள் கட்சிக்காரர் விஜய்ஆனந்த் பெயரில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது, பதினைந்து நாளுக்குள் நீங்கள் அதைத் தைப்பதை நிறுத்தவேண்டும், தவறினால் வழக்கு.

"யாரோ அதே பேருல இருப்பாங்க," என்றான் ஜலால்.

கூடவே பதிவுப் பத்திரத்தின் நகலும் படமும் இருந்தன. ஷரீபா படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவன் தைத்த அதே துண்டு. அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் நீலப்பூ தெரிந்தது.

"என்னங்க, இது என் துப்பட்டி."

ஆயிஷா தேதியைப் பார்த்தாள். பதிவுக்கு மனுப் போட்டது, அவன் துண்டை விஜய்ஆனந்த் கையில் கொடுத்த பத்தாவது நாள். துண்டு எந்த நாட்டுக்கும் போகவே இல்லை.

மறுநாள் ஆசிப், அந்த ஸ்டுடியோவில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்தான். உள்ளே, 'உங்கள் காரின் உள்வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது' என்று பன்னிரண்டு பக்கம். 'கை வேர்க்கும் ஊரில் வெல்வெட் ஸ்டியரிங்குக்கு ஆறு மாதமே ஆயுள்.' 'கறுப்புத் தோல் கேட்பவரை மே மாத உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் காரை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறோம்.' 'இடுப்பு வலி உள்ளவர்கள் ரேஸ் இருக்கையைத் தவிர்க்கவும்.' எழுத்துத் தமிழாக்கியிருந்தார்களே தவிர, ஒவ்வொரு வரியும் அவன் வாயிலிருந்து வந்தது. கடைசிப் பக்கத்தில் கரும்பச்சைக் காரில் சாய்ந்தபடி விஜய்ஆனந்தின் படம். 'இருபது வருட ஆராய்ச்சி' என்று கீழே போட்டிருந்தது.

நோட்டீசைவிட இதுதான் அவனை முறித்தது. தையலை எவன் வேண்டுமானாலும் திருடலாம். அந்த இடுப்பு வலி வரியை அவன் சொன்னது ஒரே ஒருவனுக்கு, அந்த இடுப்பைப் பதினோரு நாள் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டவன் என்கிற அக்கறையில்.

நேரே கப்பலூருக்குப் போனான். கண்ணாடி அறைக்குள் விஜய்ஆனந்த் எழுந்து நின்று, "வா மாப்ள, டீயா காபியா?" என்றான்.

"ரெக்கார்டு போட்டது உனக்கு மறந்துபோகும்னா, இல்ல இதுக்கா?"

"உக்காரு, சொல்றேன். பிசினஸ்டா இது. உன்கிட்ட இருந்தா அந்தச் சந்துக்குள்ளயே கெடந்து போயிருக்கும். நான் வெளிய கொண்டாந்திருக்கேன். வக்கீல் நோட்டீசு ஒரு ஃபார்மாலிட்டி. நீ கடைய மூடிட்டு இங்க வா. மேல்பார்வை பாரு. பத்துப் பேரு உன் சொல்லு கேப்பாங்க."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, விஜி. அம்புட்டையும் சும்மாவே குடுத்திருப்பேனே."

விஜய்ஆனந்த் மேஜைமேலிருந்த பேனாவை நேராக வைத்தான். "கேட்டா உன் பேரையும் போடணும்ல," என்றான்.

அதற்குமேல் ஜலால் அங்கே நிற்கவில்லை.

ஷரீபாதான் விடவில்லை. "நீங்க அழுதுக்கிட்டே உக்காந்திருங்க. பதினஞ்சு நாள்ல எட்டு போயிருச்சு," என்று சொல்லி, தமிழ்வாணி என்கிற வக்கீலம்மாவிடம் இழுத்துப்போனாள். தமிழ்வாணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"அவர் பதிவு பண்றதுக்கு முன்னாடியே இந்தத் தையல் ஊருக்குள்ள பப்ளிக்கா இருந்துச்சுன்னு காட்டணும். தேதியோட. வாய்ச் சாட்சி மட்டும் பத்தாது. ஏதாவது இருக்கா?"

ஜலால் தான் தைத்த வண்டிகளை நினைத்துப் பார்த்தான். காளை வண்டியை விற்று ஆறு வருஷமாயிற்று. பாதி வண்டிகள் கைமாறிவிட்டன. திடீரென்று பேரையூர் ஜெயக்கொடி ஞாபகம் வந்தார். கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். 2016 கடைசியில் அவருடைய காருக்குத் தைத்துக் கொடுத்தபோது, போட்டோ எடுத்து விளம்பரம் போடப்போவதாகச் சொன்னது நினைவு.

திருமங்கலத்தில் பஸ் மாறிப் பேரையூர் போனான். கருவேலமும் காய்ந்த பருத்திக் காடும் ஜன்னலில் ஓடின. ஜெயக்கொடி வாசலிலேயே சத்தம் போட்டார். "அட, ஜலாலண்ணே! போட்டோவா? காலண்டரே அடிச்சேண்ணே. ஐநூறு காலண்டர். இருங்க, பீரோவுக்குள்ள இருக்கும்."

அரைமணி நேரம் தேடினார். அடுக்களை அலமாரித் தட்டில் காகிதத்துக்குப் பதிலாக விரித்துப் போட்டிருந்ததை உருவி எடுத்து வந்தார். எண்ணெய்க் கறை. 2017 என்று பெரிதாக அச்சு. அதற்குமேல் காரின் கதவு திறந்த படம். சீட்டின் ஓரத்தில் இரண்டு நூலும் சாய்ந்து ஓடின. அடியில் பொடி எழுத்தில், 'சீட் வேலை: ஜலால், மதுரை.'

"யாரு எதுக்குங்கண்ணே கேக்குறாங்க?"

"கூட்டாளி," என்றான் ஜலால். வேறு வார்த்தை அவனுக்கு உடனே கிடைக்கவில்லை.

தமிழ்வாணி அந்தக் காலண்டரையும், ஜெயக்கொடியின் பிரமாணப் பத்திரத்தையும், அச்சகத்து ரசீதையும் வைத்துக் கொல்கத்தாவிலுள்ள பதிவு அலுவலகத்தில், பதிவை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட்டார்; நோட்டீசுக்கும் பதில் அனுப்பினார். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்த ஒரு வருஷத்தில் ஜலால் தைப்பதை நிறுத்தவில்லை, பேச்சைத்தான் நிறுத்தினான். எந்தத் தோல் நல்லது என்று கேட்டால் மாதிரிப் புத்தகத்தைத் தள்ளிவிட்டு, "உங்க இஷ்டம்" என்றான். யாராவது மேஜைமேல் போனை வைத்தால் கை நின்றுவிடும். "போனைப் பையில வச்சுக்கங்க," என்பான். பழைய வாடிக்கையாளர்கள், பாய்க்கு உடம்பு சரியில்லையோ என்று ஷரீபாவிடம் கேட்டார்கள்.

துளசிராம் ஒருநாள் கடைக்கு வந்தார். எழுபத்தெட்டு வயது. கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். எழும்போது, "என் முகத்தப் பார்க்கவும் உனக்குப் புடிக்காதோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன்" என்றார். ஜலால் அவரைக் கைபிடித்துச் சந்துமுனை வரை கூட்டிப்போய் ஆட்டோ ஏற்றிவிட்டான்.

பதிவு ரத்தானது ஒரு செவ்வாய்க்கிழமை. தமிழ்வாணி போனில் சொன்னார். "நஷ்டஈடு கேட்டும் போடலாம் ஜலால். நல்ல கேஸ்." அவன் வேண்டாம் என்றான். ஏன் என்றதற்கு, "இன்னொரு வருஷம் அவன் பேர வாயால சொல்லிக்கிட்டே இருக்கணும்மா" என்றான்.

மறுநாள் காலை விஜய்ஆனந்திடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஷரீபா பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜலால் அழுத்தினான். "மாப்ள, எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல. மனசுல வச்சுக்காத. சீட்டு நாலு மாசமா இடுப்பப் பிடிக்குதுடா, ஒரு எட்டு வந்து பார்த்து..."

அவன் பாதியிலேயே நிறுத்தினான்.

"வலியா இருக்கும்போல," என்றாள் ஷரீபா.

"இருக்கும். அந்தக் காத்து ஏத்துறத ரெண்டு புள்ளி குறைச்சு, முதுகக் கொஞ்சம் நிமித்தினா சரியாப்போகும்."

"சொல்லப்போறீங்களா?"

ஜலால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெஷினின் ஊசியில் நூலைக் கோத்தான்.